பம்ப் ஓடினா காத்து, நின்னா தண்ணி: நீச்சல் குளத்துல கசிவைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

இன்னைக்கு எபிசோட் அப்பார்ட்மென்ட் நீச்சல் குளத்தைப் பத்தி. குளத்துல தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. அது வெயில்ல ஆவியாகுதா, எங்கேயாவது கசியுதா? டைல்ஸை உடைக்காம இதைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கலாம்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. நான் இருக்கிற சென்னை அப்பார்ட்மென்ட்ல குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அதாவது 50 சதுர மீட்டர். இதுல ஒரு சென்டிமீட்டர் தண்ணி இறங்கினா 500 லிட்டர் போச்சுன்னு அர்த்தம். தினமும் ரெண்டு சென்டிமீட்டர் இறங்கினா, 12,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணி 12 நாள்ல காலி. 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டு போனதைப் பார்த்த ஊர் இது. அந்த லாரிக் காசும் நம்ம மெயின்டனன்ஸ் பில்லுலதான் வந்து விழும்.

சரி, குளத்தோட குழாய்கள் எப்படி வேலை செய்யுது? ஓரத்துல ஸ்கிம்மர், அடியில மெயின் ட்ரெயின். இந்த ரெண்டு வழியாவும் பம்ப் தண்ணியை இழுக்குது. அந்தக் குழாய்தான் சக்ஷன் லைன். ஃபில்டர் வழியா போன தண்ணியைத் திரும்பக் குளத்துக்குத் தள்ளுற குழாய் ரிட்டர்ன் லைன். ஒண்ணு இழுக்குது, இன்னொண்ணு தள்ளுது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

இளநீர்ல போட்ட ஸ்ட்ராவுல ஒரு கீறல் இருந்தா என்ன ஆகும்? உறிஞ்சும்போது இளநீரோட காத்தும் வாய்க்கு வரும். சக்ஷன் லைன்ல இருக்கிற ஓட்டையும் அப்படித்தான். பம்ப் ஓடும்போது வெளியே இருக்கிற காத்தை உள்ள இழுக்கும். பம்ப் நின்னதும், அந்த ஓட்டை குளத்து நீர்மட்டத்துக்குக் கீழ இருந்தா, அதே வழியா தண்ணி மண்ணுக்குள்ள போகும். ரிட்டர்ன் லைன் இதுக்கு நேர் எதிர்: பம்ப் தள்ளும்போதுதான் அதிகமா ஒழுகும். அதனால "எங்க ஒழுகுது"ன்னு தேடுறதுக்கு முன்னாடி "எப்போ ஒழுகுது"ன்னு கேளுங்க. பாதி விடை அதுலயே இருக்கு.

இதுக்குத் தேவை ஒரு வாளி, ஒரு ஸ்கேல், ரெண்டு நாள். வாளியில குளத்துத் தண்ணியை நிரப்பி, நகராம இருக்க ஒரு கல்லைப் போட்டு, குளத்தோட முதல் படியில வையுங்க. வாளிக்கு உள்ளயும் வெளியயும் நீர்மட்டத்தைக் குறிச்சுக்கோங்க. முதல் நாள் 24 மணி நேரமும் பம்ப் ஓடட்டும். ரெண்டாவது நாள் முழுக்க நிறுத்திடுங்க. ரெண்டு நாளும் யாரும் குளிக்கக் கூடாது, பேக்வாஷ் கூடாது, தண்ணி நிரப்புற வால்வு மூடியிருக்கணும். நடுவுல மழை பெஞ்சா திரும்ப முதல்ல இருந்து.

வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கினா அது வெறும் ஆவி. குளம் அதிகமா இறங்கி, அந்த அதிகம் ரெண்டு நாளும் ஒண்ணா இருந்தா, குளத்தோட சுவர், தரை, லைட் பொருத்தின இடம்னு பாருங்க. பம்ப் ஓடின நாள்ல அதிகம்னா ரிட்டர்ன் பக்கம். நின்ன நாள்ல அதிகம்னா சக்ஷன் பக்கம்.

எங்க குளத்துல பம்ப் ஓடின நாள் வாளி 6 மில்லிமீட்டர், குளம் 9. நின்ன நாள் வாளி அதே 6, குளம் 26. அதாவது கசிவு மட்டும் 3-ல இருந்து 20 மில்லிமீட்டருக்குத் தாவியிருக்கு. ஒரு நாளைக்கு 1,000 லிட்டர்! ஆனா பார்க்க வந்த ஒருத்தர், "பம்ப்ல காத்துக் குமிழே இல்ல, சக்ஷன் நல்லாத்தான் இருக்கு, மொத்த டைல்ஸையும் மாத்தணும்"னு சொல்லியிருந்தார். எங்க பம்ப் ரூம் பேஸ்மென்ட்ல இருக்கு. பம்ப் குளத்தைவிடக் கீழ இருந்தா, தண்ணி தன் எடையாலயே குழாயை அழுத்தும். அதனால குமிழே வராம போகலாம். அதே மாதிரி, பம்ப் குளத்துக்கு மேல இருக்கிற இடத்துல குமிழ் வந்தாலும் உடனே மண்ணைத் தோண்டாதீங்க. பம்ப் மூடியில இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சிருந்தாக்கூட காத்து வரும். அதை முதல்ல பாருங்க.

சக்ஷன்னு தெரிஞ்சாச்சு, எந்தக் குழாய்? பம்ப் ரூம்ல வால்வை மூடினா போதாது. குழாயோட குளத்துப் பக்கம் திறந்தேதான் இருக்கும், ஒழுகிக்கிட்டேதான் இருக்கும். ஸ்கிம்மருக்குள்ள இருக்கிற ஓட்டையை ரப்பர் பிளக்கால அடைச்சு, பம்பை நிறுத்தி இன்னொரு நாள் அளந்தோம். வாளியும் குளமும் சமமா இறங்குச்சு. ஆக, ஸ்கிம்மர் லைன். பிளக் இல்லைன்னா இன்னொரு வழி இருக்கு: பம்ப் நின்னிருக்கும்போது ஸ்கிம்மர் ஓட்டைக்குப் பக்கத்துல ரெண்டு சொட்டு கேசரிக் கலர் விடுங்க. கலர் தானா உள்ள இழுபட்டா தண்ணி அந்த வழியாத்தான் போகுது. மெயின் ட்ரெயினைச் சோதிக்கிறதை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க. பம்ப் ஓடும்போது அது கிட்டயே போகாதீங்க. அந்த இழுப்பு முடியையும் கையையும் பிடிச்சுக்கும்.

அதுக்கப்புறம் பிளம்பர் ரெண்டு முனையையும் அடைச்சு, குழாய்க்குள்ள தண்ணியை அழுத்தத்தோட ஏத்திப் பார்த்தார். கேஜ் முள் நிக்காம இறங்குச்சு. ஸ்கிம்மருக்குக் கீழ இருந்த எல்போ ஜாயின்ட் விட்டிருந்தது. ரெண்டடி அகலத்துக்குத் தரையை உடைச்சோம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சந்தேகத்துக்காகக் குளத்தை முழுசாக் காலி பண்ணாதீங்க. மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேல வந்திருந்தா, காலிக் குளத்தை அது கீழ இருந்து தள்ளும். தரை விரிசல் விடும், சில சமயம் குளமே தூக்கிக்கும்.

உங்க அசோசியேஷன் மீட்டிங்ல டைல்ஸ் மாத்துற கொட்டேஷன் வந்தா, கையெழுத்துக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "பம்ப் ஓடின நாள் எவ்வளவு, நின்ன நாள் எவ்வளவு?" பதில் இல்லைன்னா, வாளியை எடுத்துக்கிட்டு நீங்களே கிளம்பிடுங்க.