பிப்ரவரி 31 எங்கே போகிறது?

ஜனவரி 31 அன்று சந்தா கட்டினால் அடுத்த தவணை மார்ச் 3 என்று ஓர் இணையதளம் காட்டுகிறதே, நடுவில் பிப்ரவரி என்ன ஆயிற்று என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார்.

இணையதள நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாதத்தைக் கூட்டும்போது பலர் மாத எண்ணை மட்டும் ஒன்று ஏற்றுவார்கள். நாள் 31 அப்படியே இருக்கும். 2023 பிப்ரவரிக்கு 28 நாள்தான். அதற்காகக் கணினி பிழை என்று சொல்லி நிற்பதில்லை. எங்கள் பாட்டி அரிசி அளக்கையில் உழக்குக்கு மேல் வழிந்ததை அடுத்த உழக்கில் சேர்த்துக்கொள்வார். அதுபோல மிஞ்சிய மூன்று நாளும் மார்ச் கணக்கில் சேர்கின்றன. பிஎச்பி என்ற நிரல்மொழியும் இப்படித்தான். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் மட்டும் பிப்ரவரி 28-லேயே நிறுத்திக்கொள்ளும். ஆகவே ஒரே தளத்தில் நிரல் ஒரு தேதியும் தரவுத்தளம் வேறொரு தேதியும் சொல்ல வாய்ப்புண்டு.

இந்த வழிதலில் எனக்கு மிகவும் பிடித்தது பூஜ்ய நாள். மார்ச் மாதத்தின் 0-ஆம் நாளைக் கேட்டுப் பாருங்கள் (ஜாவாஸ்கிரிப்ட் ஜனவரியை 0 என்று எண்ணுவதால் மார்ச்சுக்கு 2 என்று கொடுக்க வேண்டும்). மார்ச் 1-க்கு முந்தின நாள், அதாவது பிப்ரவரியின் கடைசி நாள் வந்து நிற்கும். 2023-க்கு 28, 2024-க்கு 29. நூற்றாண்டு விதியும் அதற்குத் தெரியும்: 1900-க்கு 28, 2000-க்கு 29. லீப் ஆண்டுக்கென்று ஒரு வரிகூட நாம் எழுத வேண்டாம். எவ்வளவு அழகு!

மாதக் கடைசியில் நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு. ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகும். அதிலிருந்து இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28. முதலிலேயே இரண்டு மாதம் கூட்டியிருந்தால் மார்ச் 31 கிடைத்திருக்கும். அதனால் தொடக்கத் தேதியைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு தவணையையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும்.

இதையெல்லாம் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அசூர் சேவை பல மணி நேரம் முடங்கியது. ஓராண்டுச் சான்றிதழ் ஒன்றுக்கு முடிவுத் தேதி குறிக்க, நிரல் ஆண்டில் ஒன்றைக் கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளைக் கேட்டதுதான் காரணம். வாசகியின் தவணையும் சும்மா மூன்று நாள் தள்ளவில்லை. மார்ச் 3-லிருந்து கூட்டிக்கொண்டே போனால் இனி எல்லா மாதமும் 3-ஆம் தேதிதான்.

ஜாவாஸ்கிரிப்டுக்குப் புதிதாக வரும் டெம்போரல் என்ற தேதி வசதி, எதுவும் சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் நிறுத்தும். இல்லாத தேதியை மறுக்கச் சொன்னால் பிழை காட்டும். பணம் வசூலிக்கும் தளங்கள் எந்த முறையைக் கையாள்கின்றன என்பதைச் சந்தா பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.