உங்களுக்குத் தெரியுமா? வெளியே தெரியாத குடலிறக்கம்

● ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23 ஆனாலே கவனம் வேண்டும், 27.5 ஆனால் ஆபத்து அதிகம். உலகச் சுகாதார நிறுவன வல்லுநர்கள் 2002இல் கூடி இந்தக் கணக்கை அலசிய ஊர் சிங்கப்பூர்தான். தேக்காவில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போது இதை நினைக்க வேண்டாம்.

● எடை மிகவும் கூடியவர்களுக்குப் பைபாஸ் அறுவை செய்வதுண்டு. பைபாஸ் என்றதும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இது இரைப்பை பைபாஸ். எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலை வெட்டி மாற்றித் தைக்கிறார்கள். அப்போது குடலைத் தாங்கும் சவ்வில் இடுக்குகள் உண்டாகும். குடல் அதில் நுழைந்து மாட்டிக்கொண்டால் அது உட்குடலிறக்கம். ஓர் இடுக்குக்குப் பீட்டர்சன் என்று பெயர். வேறொரு இரைப்பை அறுவைக்குப்பின் ஜெர்மானிய மருத்துவர் வால்தர் பீட்டர்சன் அதை 1900இல் விவரித்துவிட்டார். எடைக்கான பைபாஸ் வந்ததோ 1960களில்!

● எடை குறையக் குறைய இடுக்கு அகலமாகும். சவ்விலிருந்த கொழுப்பும் சேர்ந்து கரைவதே காரணம். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நகராமல் கிடந்தன. சிறு துளைவழி அறுவையில் ஒட்டுதல் குறைவு. நோயாளிக்கு நல்லதுதான், நழுவும் குடலுக்கும் வசதி.

● சாதாரணக் குடலிறக்கம்போல் உட்குடலிறக்கத்தில் வெளியே புடைப்பு தெரியாது. சாப்பிட்டதும் வலிக்கும், தானே அடங்கும். வீட்டில் ‘கேஸ்ட்ரிக்’ என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். குடல் முறுக்கி இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் சுழிபோல் தெரிவது முக்கிய அடையாளம். ஆனால் ஸ்கேன் ஏமாற்றுவதும் உண்டு. வலி விடாவிட்டால் துளையிட்டு உள்ளே பார்த்துவிடுகிறார்கள்.

● இடுக்குகளை முதலிலேயே தைத்துவிட்டால்? சுவீடனில் 2,507 பேரிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். குடலடைப்புக்காக மூன்றாண்டுக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள், தைக்காதவர்களில் 10.2 விழுக்காடு, தைத்தவர்களில் 5.5.

● கர்ப்பத்தில் கருப்பை வளர்ந்து குடலை மேலே தள்ளுவதால் ஆபத்து கூடும். லிட்டில் இந்தியாவை ஒட்டிய கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு வயிற்று வலியோடு போகும் கர்ப்பிணி, பைபாஸ் செய்திருந்தால் அதையே முதலில் சொல்ல வேண்டும்.

● இரைப்பையை மட்டும் குழாய்போல் நறுக்கும் ‘ஸ்லீவ்’ முறை சிறுகுடலைத் தொடுவதில்லை. அதனால் இந்தத் தொல்லை மிக அரிது. ‘எடைக்கு ஆபரேஷன் செய்தேன்’ என்றால் மருத்துவருக்குப் போதாது. எந்த வகை, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். தாங்க முடியாத வலி என்றால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.