வால்வு அமரும் பலகை

தொண்ணூறுகளில் வன்னியின் புளியங்குளத்தில் செய்தி கேட்க வேண்டுமென்றால், யாராவது சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற வேண்டும். போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. டைனமோவில்தான் றேடியோ பாடியது. அந்த டைனமோ முக்கித் தருவது 6 வோல்ட், 3 வாட். வால்வு அம்ப்ளிபயரைச் சொந்தமாகச் செய்ய ஆசைப்படுபவர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இஎல்84 என்ற கட்டைவிரல் பருமன் வால்வின் இழை சூடேறவே 6.3 வோல்ட்டில் 0.76 அம்பியர், ஏறக்குறைய 5 வாட், வேண்டும். உள்ளிருக்கும் தகடு இன்னும் 12 வாட் வரை வெப்பமாகக் கக்கும்.

இந்த அடுப்பைச் சுமப்பது 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியிழைப் பலகை.

வெப்பத்தைவிடக் கைதான் அதற்கு முதல் எதிரி. ஒன்பது கால் வால்வு புதுச் சொக்கற்றில் லேசில் இறங்காது, அமுக்க வேண்டும். அமுக்கும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், பலகையின் நடு தொட்டில்போல் தொய்யும். பலகையைப் பெட்டியிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்பேசரை மூலைக்கு ஒன்றாக நாலோடு முடித்துவிட்டால், சில தடவை வால்வு மாற்றியதும் சொக்கற் கால்களின் ஈயத்தைச் சுற்றி மயிரிழை வளையமாக வெடிப்பு விழும். லென்ஸ் பிடித்தால்தான் தெரியும். பாட்டு கரகரக்கும், தட்டினால் சரியாகும். நான் கொள்ளளவிகளைச் சந்தேகித்து ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைத்தேன். ஒவ்வொரு சொக்கற்றின் அருகிலும் ஒரு ஸ்பேசர் நின்றிருந்தால் போதும். சொக்கற்றை அலுமினியப் பெட்டியிலேயே பூட்டி, வயரால் பலகைக்கு இழுப்பது அதைவிட நல்லது. வேலை கூடத்தான், ஆனால் சூடும் அமுக்கமும் பலகைக்கு வராது.

வால்வுக்குக் கிட்ட நைலோன் ஸ்பேசர் இளகும், பித்தளை வேண்டும். பித்தளையோ மின்னைக் கடத்தும். 300 வோல்ட் ஓடும் செப்புத் தடத்தை அதிலிருந்து 5 மில்லிமீற்றராவது தள்ளி வையுங்கள். அலுமினியப் பெட்டி சூட்டில் பலகையைவிடக் கூடுதலாக விரியும். அதனால் 3 மில்லிமீற்றர் ஆணிக்கு 3.5 மில்லிமீற்றர் துளை. காற்றுத் துளைகளுக்கு உள்ளே வலை அடிக்க மறக்க வேண்டாம். வன்னிப் பல்லிக்கு இதமான சூடென்றால் கொள்ளைப் பிரியம்.

பலகையைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. 100 மைக்ரோபரட் கொள்ளளவி அந்த 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் தடையி ஒன்று நிரந்தரமாக இருந்தால், ஒரு நிமிடத்தில் 20 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதையும் மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டே ஆணியில் கை வையுங்கள்.