மிச்சத்தில் ஒரு வீடு – 8: ஓட்டின் அடியில் ஓர் ஊர்

மண் குழைப்பது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மனை, அஸ்திவாரக் கல், இடித்த வீட்டுக் கதவு நிலை எல்லாம் முடிந்த கதை. புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். மண் எங்கும் போய்விடாது. நடுவில் ஓடு புகுந்துவிட்டது.

சேரம்பாடியிலிருந்து சோலாடி சோதனைச்சாவடி தாண்டி வடுவஞ்சால் போகிற சாலையோரம் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகளை இறக்கி, நெட்டுக்குத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேல்பக்கம் பாசி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். வீட்டுக்குள் படுத்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற பக்கம் அது. அடுப்புப் புகை படிந்த சிவப்பில், மேடாக எழும்பிய எழுத்தில், 'காமன்வெல்த்' என்றும் 'ஃபெரோக்' என்றும் அச்சு. அடுத்த அடுக்கில் வேறு கம்பெனி, வேறு ஊர். இந்த வாரத் தொடர் அங்கேயே திசை மாறிவிட்டது.

ஃபெரோக் எங்கே இருக்கிறது? கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாற்றங்கரையில். சாலியாற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது? வயநாட்டிலிருந்தும், நம் நாடுகாணிச் சரிவிலிருந்தும்தான். ஆடி மழையில் தேவாலா, நாடுகாணிப் பக்கம் சிவப்பாகக் கலங்கி இறங்குகிற தண்ணீர் புன்னப்புழை வழியாக நிலம்பூருக்குப் போய், சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் கடல் சேருகிறது. போகிற வழியெல்லாம் வண்டலை இறக்கிவிட்டுப் போகிறது. அந்த ஆற்றங்கரைக் களிமண்ணைத்தான் அரைத்து, அச்சில் அழுத்தி, சூளையில் வேகவைத்து ஓடாக்கினார்கள். பிறகு அதே ஓடு வண்டியேறி, நாடுகாணிச் சுரம் வழியாக மேலே வந்து நம் வீட்டு உச்சியில் உட்கார்ந்தது. ஓட்டில் நம் மலை மண் எத்தனை பங்கு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்கிற உரிமை எனக்கு உண்டு.

ஃபெரோக்கில் 1905-ல் ஓட்டு ஆலை வைத்தவர்கள் பாசல் மிஷன்காரர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து 1834-ல் மேற்குக் கடற்கரைக்கு வந்த பாதிரிமார்கள். மதம் மாறியவர்களைச் சாதி தள்ளிவைத்தது, குலத்தொழில் போயிற்று, பிழைப்பு வேண்டும். முதலில் தறி போட்டார்கள். காக்கிச் சாயம் பிறந்தது மங்களூரில் இவர்களுடைய நெசவாலையில்தான் என்று சொல்வார்கள். அடுத்தது ஓடு. ஜார்ஜ் ப்ளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865-ல் மங்களூரில், நேத்ராவதிக் கரையில் ஜெப்பு என்ற இடத்தில் முதல் ஆலையைத் தொடங்கினார். பிறகு கோழிக்கோட்டில் 1873, கொடக்கல்லில் 1887 என்று கடற்கரையோரமாகவே இறங்கி வந்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் 'எதிரி நாட்டுச் சொத்து' என்று ஆங்கிலேய அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியின் கையில் கொடுத்தது. நான் திருப்பிப் பார்த்த ஓடு போருக்குப் பிந்தையது என்று அதனால் தெரிந்தது. ஓட்டுக்கு வயது கணிக்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

ஒரு ஓட்டின் மேல் இன்னொன்று பூட்டிக்கொள்கிற இந்த அமைப்பு ப்ளெப்ஸ்டின் சொந்தச் சரக்கல்ல. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஐரோப்பியப் பனிக்கு என்று யோசித்த பள்ளமும் மேடும் நம் தென்மேற்குப் பருவமழைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. இந்தப் பாசல் மிஷனில் இருந்தவர்தான் 1872-ல் மலையாள அகராதி வெளியிட்ட ஹெர்மன் குண்டர்ட். 'சித்தார்த்தா' எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா. நீலகிரியிலும் 1846-லேயே கேத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதில் எதுவும் வீடு கட்ட உதவாது என்று ஆசிரியர் குறிப்பெழுதி அனுப்புவார். அனுப்பட்டும்.

உதவுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டின் அடியில் இருக்கும் பெயர் அழகுக்கு அல்ல. பழைய ஓடு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேட்டோடு சரியாக உட்காராது. நூலளவுதான் வித்தியாசம் இருக்கும். வரிசை நெடுக அது சேர்ந்து, நாலாவது ஐந்தாவது ஓட்டில் வாய் பிளந்து நிற்கும். அதன் வழியாக நம் ஊர்ச் சாரல் உள்ளே வரும். எனவே லோடு இறங்கியதும் பெயர் பார்த்துப் பிரித்து அடுக்குங்கள். ஒரு சரிவுக்கு ஒரே பெயர். பற்றாமல் போனால் முன்பக்கச் சரிவுக்கு ஒரு கம்பெனி, பின்பக்கத்துக்கு இன்னொன்று. ரீப்பர் அடிப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். ரீப்பருக்கு ரீப்பர் எவ்வளவு இடைவெளி என்பதைக் கையில் இருக்கும் ஓட்டை வைத்துத்தான் அளக்க முடியும்.

சோதிப்பது எளிது. ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல ஓடு. பொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடுகிறது. தலைப்பக்கம் ரீப்பரைப் பிடித்துக்கொள்கிற இரண்டு மூக்கும் உடையாமல் இருக்க வேண்டும். மூக்குப் போன ஓட்டைச் சரிவில் எதுவும் நிறுத்தாது. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போகும், ஆசிட் ஊற்றாதீர்கள். நூறு சதுர அடிக் கூரைக்குச் சுமாராக நூற்றைம்பது ஓடு பிடிக்கும். பேரம் முடிந்த பிறகு ஏற்றி இறக்குவதில் உடைகிறது தனி. லாரிக்குள் வைக்கோலுக்குக் காசு பார்க்காதீர்கள்.

'மண் வீட்டுத் தொடரில் இத்தனை ஓட்டுப் புராணம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு: நம் சேரங்கோட்டில் மண் சுவரின் ஆயுளைத் தீர்மானிப்பது மண் அல்ல, கூரை. மேலிருந்து நேராக விழுகிற மழை சுவரைத் தொடுவதே இல்லை. சாய்ந்தடிக்கிற சாரலும், இறவாரத்திலிருந்து கீழே விழுந்து தெறிக்கிற நீரும்தான் சுவரைத் தின்கின்றன. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் பந்தலூர்ப் பக்கம் அந்த அளவு இல்லையென்றாலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி காயாத ஊர் இது. எனவே இறவாரம் சுவரைத் தாண்டி மூன்று அடியாவது வெளியே வரட்டும். சரிவு முப்பது டிகிரிக்குக் குறையவே கூடாது. இன்னும் செங்குத்தாக இருந்தால் இன்னும் நல்லது. சுவரின் அடி இரண்டு அடி உயரம்வரை கல்லாகவே இருக்கட்டும். மண்ணில் மிச்சம் பிடிக்கிற காசைக் கூரையில் போடுங்கள். இதற்கு மாற்றுக் கருத்து இருந்தால் கடிதம் எழுதலாம், படிப்பேன், மாற மாட்டேன்.

தகரம் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றார் ஒரு வாசகர். முடியும். டான்டீ தேயிலைத் தோட்ட லயத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். கண்டியில் தகரம், இங்கே வந்தும் தகரம் என்று வாழ்ந்தவர். "தகரத்துல மழை அடிச்சா பக்கத்துல பேசுறதே கேக்காது தம்பி. அதுலயும் ஒரு வசதி இருந்துச்சு, மாமியா திட்டுறதும் கேக்காது" என்றார். வெயில் காலத்தில்? "அதை ஏன் கேக்குற" என்று கையை வீசினார். தகரத்தின் மேல் எனக்கு இருக்கும் புகாரெல்லாம் அந்தக் கைவீச்சில் அடங்கிவிட்டது.

ஓட்டைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. ஓட்டுக் கூரையில் ஓட்டுக்கு ஆணி இல்லை, சிமெண்ட் இல்லை. முகட்டு ஓட்டுக்கு மட்டும் கொஞ்சம் சாந்து, காற்று அதிகமான இடத்தில் ஓரங்களில் கம்பிக் கட்டு. மற்றதெல்லாம் சும்மா மாட்டிக்கொண்டு தொங்குகின்றன. போட்டவனே பிரிக்கலாம், பிரித்ததை இன்னோரிடத்தில் போடலாம். கான்கிரீட் தளத்தை இடித்தால் கிடைப்பது கல்லும் வளைந்த கம்பியும். ஒரு வீட்டின் விலையைக் கணக்குப் போடும்போது, பிரித்தால் அதிலிருந்து என்ன தேறும் என்பதையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சி மற்ற ஊர்களைவிட நம் ஊருக்கு அதிகம் பொருந்தும். கூடலூர், பந்தலூர் நிலங்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்கள், 1969-ல் வந்த ஜன்ம ஒழிப்புச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டு இன்றுவரை பட்டா பார்க்காத குடும்பங்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவான பிறகு இங்கே வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் எங்கே என்பது நம் ஊரில் தினம் கேட்கிற கேள்வி. காலடி மண் யாருடையது என்று முடிவாகாத இடத்தில், எழுப்பி எடுத்துக்கொண்டு போகக்கூடிய கூரை ஆடம்பரம் அல்ல.

யானையையும் இங்கேயே பேசிவிடலாம், கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பந்தலூர்ப் பக்கம் வீடு வீடாக அரிசி தேடி உடைத்த அந்த மக்னாவை, தந்தமில்லாத ஆண் யானையை, மறந்திருக்க மாட்டீர்கள். வனத்துறைக்கு பி.எம்.-2, நமக்கு அரிசி ராஜா. 2022 டிசம்பரில் பிடித்து முதுமலையில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதமே சுல்தான் பத்தேரி கடைவீதியில் போய் நின்றது. கேரள வனத்துறை பிடித்து முத்தங்காவில் வைத்தது. மண் சுவர் யானைக்குத் தாங்குமா? தாங்காது. செங்கல் சுவரும் தாங்கவில்லை. யானை வருவது சுவருக்காக அல்ல, உள்ளே இருக்கிற அரிசிக்கும் உப்புக்கும். காட்டைப் பார்த்த வெளிச்சுவரை ஒட்டி அரிசிப் பானை வைக்காதீர்கள். அடுக்களை வீட்டின் நடுவில் இருக்கட்டும். அதையும் மீறி வந்து உடைத்தால், மண் சுவரையும் ஓட்டையும் அந்த வீட்டுக்காரரே சரிசெய்ய முடியும். நிவாரணத் தொகை வரும்வரை வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டியதில்லை.

குரங்கு ஓட்டைக் கலைக்கிறதே என்று கேட்டவருக்கு என்னிடம் மருந்தில்லை. பத்து ஓட்டைக் கூடுதலாக வாங்கிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரி பேக்கரை இத்தனை நேரம் இழுக்காமல் இருந்ததே பெரிய காரியம். 1945-ல் இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-ல் அங்கேயே காலமான அந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இடித்த வீட்டுச் சாமான்களை மரியாதையோடு பார்க்கக் கேரளத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். சுற்றியுள்ள ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர். ஃபெரோக் நமக்கு ஐந்து மைல் அல்ல, நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பழைய ஓடு ஐந்து மைலுக்குள்தானே கிடக்கிறது? அது மலையேறிய செலவை யாரோ ஒரு தாத்தா எப்போதோ கட்டிவிட்டார். காந்தி கணக்கில் இது தேறும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பேக்கரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, உடைந்த ஓட்டையும் விடாதது. கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிதாக உழைப்பதில்லை. இழுவையைத் தாங்குவது கம்பி. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டைக் கவிழ்த்து வைத்து வார்த்தார். சிமெண்டும் மிச்சம், கனமும் குறைவு, கீழிருந்து பார்க்கவும் லட்சணம். குளியலறைக்கு மட்டும் தளம் போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம். அதற்கும் தேறாத சில்லுகளை இடித்துச் சலித்தால் சுர்க்கி. சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீரிலும் இறுகும். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் வயிற்றுக்குள் இருப்பதும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். நம் வீட்டுத் திண்ணைக்குப் போதாதா என்ன?

மரத்துக்கு ஒரு வார்த்தை. கைமரத்துக்கும் ரீப்பருக்கும் பழைய மரம் வாங்கும்போது ரசீதையும் வனத்துறை அனுமதிச் சீட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஈட்டி மரம் மலிவாக வருகிறது என்று யாராவது காதில் ஓதினால், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சில்வர் ஓக் எளிதில் கிடைக்கும். மருந்து ஏற்றாமல் போட்டால் வண்டு துளைத்துவிடும்.

அடுத்த வாரம் கட்டாயம் மண். நமக்குக் கீழே, பெரிந்தல்மண்ணா பக்கத்து அங்காடிபுரத்தில் பார்த்த செம்புறாங்கல்லுக்குத்தான் புக்கானன் என்ற ஆய்வாளர் 1807-ல் 'லேட்டரைட்' என்று பெயர் சூட்டினார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மண்ணும் அதற்கடுத்த வாரம் போய்விடும், எனவே இப்போதே சொல்லி முடித்துவிட்டேன். அதற்குள் நீங்கள் ஒரு வேலை செய்து வையுங்கள். மேல்மண்ணை ஓர் அடி ஒதுக்கிவிட்டு, அடியில் இருக்கும் மண்ணை எடுத்து, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். ஒவ்வோர் அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று தெரியாமல் வைக்கோலை வெட்டத் தொடங்கிவிடாதீர்கள்.

(தொடரும்)