பூனை மேல் மிஷின் ஆயிலா? மண்ணெண்ணெய் வேண்டாம்!

எங்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. ராத்திரியானால் பூனை, நாய்க்குட்டிகளுக்குப் படுக்கை, வாசலில் கிடக்கும் வேஸ்ட் துணி மூட்டைதான். அதில் மிஷின் துடைத்த எண்ணெய்த் துணியும் கிடக்கும். பிரிண்டிங் பட்டறைப் பசையும் ஒட்டியிருக்கும்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி முதுகெல்லாம் கறுப்பு ஆயிலோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, "மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு விடுங்க, போயிருமுங்க" என்றார். செக்கிங் வேலைக்குப் போகும் என் நாத்தனாரோ, "கம்பெனியில கறை எடுக்கற மருந்து இருக்குதுங்க அண்ணி, கொண்டாரட்டுங்களா?" என்றாள். நல்ல மனசுதான், ஆனால் இரண்டுமே ஆபத்து.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், கறை மருந்து எல்லாமே தோலைப் புண்ணாக்கும். பூனையோ உடம்பை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி. நக்கினால் வயிற்றுக்குள் போகும். வாந்தி எடுத்தால் நுரையீரலுக்கும் போகும். பினாயிலும் பூனைக்கு விஷம்.

நான் செய்தது இதுதான். நக்காமல் இருக்க, முதலில் பழைய துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். உலர்ந்த பனியன் துணியால் ஒற்றி எடுத்து, சோளமாவு தூவினேன். மாவு எண்ணெயை உறிஞ்சியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, கண், காதில் படாமல் மூன்று தடவை அலசினேன். எண்ணெய்க் கசிவில் சிக்கிய பறவைகளைக்கூட உலகமெங்கும் இப்படித்தான் கழுவுகிறார்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பித் தவித்தது நினைவிருக்கும். குளித்த பிறகு ஈரம் போகத் துடைத்து, குளிர் தாக்காமல் வைக்க வேண்டும்.

பசை, எலி பிடிக்கும் கம் ஒட்டினால் பிய்த்து இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, மெல்லத் துடைத்து எடுங்கள். பிறகு மேலே சொன்னபடி கழுவுங்கள். இறுகிப்போன முடியை வெட்ட நேர்ந்தால், தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பை வையுங்கள். பூனையின் தோல் ரொம்ப மெல்லிசு.

எச்சில் வடிந்தாலோ, இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ கைவைத்தியம் பார்க்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். என்ன பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கம்பெனிக்குப் போகும் சகோதரிகளே, எண்ணெய் துடைத்த துணியை மூடி போட்ட டப்பாவில் தனியாகப் போடுங்கள். வாயில்லா ஜீவன் ஒன்று பிழைக்கும்.

- ஒரு வாசகி, திருப்பூர்.