அலுவலக மேசையில் ஒரு ஜெபம்

நங்கநல்லூரில் பொழுது புலர்வதற்கு முன்பே வழிபாடு தொடங்கிவிடும். ஆஞ்சநேயர் கோயிலை நோக்கி நடப்பவர்களின் பேச்சொலியும், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து வரும் சுப்ரபாதமும் எங்கள் தெருவுக்குப் பழகியவை. அதே வேளையில் எங்கள் வீட்டிலும் விளக்கு எரியும். கிறிஸ்தவனாகிய நான், பணியில் இருந்த காலம் முழுவதும், அரை மணி நேரம் வேதம் வாசித்து, முழங்காலிட்டு ஜெபித்த பிறகே பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்குப் புறப்படுவேன். வண்டி அடுத்த நிலையத்தை நெருங்கும்போது இடப்பக்கச் சன்னலில் பரங்கிமலை தென்படும். இயேசுவின் சீடரான தோமா உயிர்நீத்த இடம் என்று மரபு சொல்லும் அம்மலையின் உச்சியில், போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய தேவாலயம் இருக்கிறது. அத்திசை நோக்கி ஒரு கணம் தலைகுனிவேன். அத்துடன் அன்றைய ஜெபம் நிறைவுற்றதாக எண்ணிக்கொள்வேன்.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை, கணவரை இழந்த ஒரு பெண்மணி எனக்கு உணர்த்தினார். உணர்த்த வேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது குடும்ப ஓய்வூதியம் மட்டுமே.

மூன்றாவது நடை

ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்க்கும் ஒரு பிரிவில் அப்போது நான் எழுத்தராக இருந்தேன். அப்பெண்மணி தாம்பரத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். முதல் முறை, இறப்புச் சான்றிதழின் நகல் போதாது, மூலச் சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை, வாரிசுச் சான்றிதழ் இல்லை என்றேன். மூன்றாம் முறை எல்லாம் இருந்தன. ஆனால், பணிப்பதிவேட்டில் கணவரின் பெயருக்கு முன் ஒரு தலைப்பெழுத்தும், இறப்புச் சான்றிதழில் வேறொரு தலைப்பெழுத்தும் இருந்தன. “பேர் ஒத்துவரல, சரி பண்ணிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். எங்கே, யாரிடம், எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. “சரிங்க சார்” என்று காகிதங்களை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விதிக்கு மாறாக நான் எதையும் செய்துவிடவில்லை. லஞ்சம் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. மேசையின் ஓரத்தில் வேத வசனம் அச்சிட்ட நாட்காட்டியும் இருந்தது.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில், வழக்கம்போல நோயாளிகளுக்காகவும் விதவைகளுக்காகவும் திக்கற்ற பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தேன். ‘விதவைகள்’ என்னும் சொல்லை அந்த வரிசையில் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். அன்று அச்சொல்லுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பையும் இருந்தது. மேற்கொண்டு சொல்ல நா எழவில்லை. மனைவிதான் ஜெபத்தை முடித்துவைத்தார்.

மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று உரிய அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். தேவையான அனைத்தையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அவருக்கு இரண்டு நடைகள் மிஞ்சியிருக்கும். காலையில் முழங்காலிட்ட மனிதரும், பத்து மணிக்கு மேசையில் அமர்ந்த மனிதரும் ஒருவரே என்பதற்கு யாரிடம் சான்று பெறுவது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அன்றே அவருடைய முகவரிக்கு விவரமாக ஒரு கடிதம் அனுப்பினேன். பின்னர் ஓய்வூதியமும் கிடைத்தது. எனினும், அந்த வீண் அலைச்சலுக்கு என்னிடம் ஈடு எதுவும் இல்லை.

சமையலறைத் துறவி

இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்று தெசலோனிக்க நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் அறிவுறுத்துகிறார். வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு இது எப்படி இயலும்? பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. தம் கையால் உழைத்து உண்டவர். எனவே, வேலையைக் கைவிட்டு ஜெபியுங்கள் என்பது அவருடைய கருத்தாக இருக்க முடியாது. வேலையும் ஜெபமும் ஒரே நேரத்தில் நிகழ முடியும் என்பதே அக்கட்டளைக்குள் இருக்கும் நம்பிக்கை.

அதற்கான வழியைக் கிறிஸ்தவ மரபு பல நூற்றாண்டுகளாகத் தேடி வந்திருக்கிறது. எகிப்தின் பாலைவனத் துறவிகள் கயிறு திரித்துக்கொண்டும் கூடை முடைந்துகொண்டும் சிறு சிறு வேண்டுதல்களைச் சொன்னார்கள். அகஸ்டின், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற ரோமானியப் பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். அத்துறவிகளின் ஜெபங்கள் எறிபடைபோல விரைந்து பாய்பவை. நீண்டால் கவனம் மழுங்கிவிடும் என்பதாலேயே அவை அவ்வளவு சுருக்கமாக அமைந்தன என்கிறார். பழைய ஏற்பாட்டின் நெகேமியாவும் இவ்வகையினர்தாம். அவர் பாரசீக அரசனுக்குத் திராட்சைரசம் பரிமாறும் பணியாளர். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அரசன் கேட்கிறான். அக்கேள்விக்கும் தம் பதிலுக்கும் இடைப்பட்ட கணத்தில் நெகேமியா இறைவனை வேண்டுகிறார். பிறகு வாய் திறக்கிறார். அரசவையில் எவரும் அதைக் கவனித்திருக்க முடியாது.

இப்பொருளில் கிறிஸ்தவ உலகம் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் மனிதர், பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸைச் சேர்ந்த சகோதரர் லாரன்ஸ். படைவீரராக இருந்து காயமுற்றவர். பிறகு ஒரு வீட்டில் பணியாளர். 1640-இல் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். அவர் குருவாகத் திருநிலை பெறவில்லை. அவருக்குக் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்குப் பிடித்தமானதும் அன்று. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார்; பின்னர் செருப்புத் தைத்தார். 1691-இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டு நூலாயின. பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு உணவு கேட்கும் பரபரப்பிலும், ஆலயத்தில் முழங்காலிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதியைத் தாம் உணர்வதாக அவர் சொன்னார்.

இதைப் படிக்கும்போது பொறாமை எழுவது இயல்பு. ஆனால், அதே லாரன்ஸ் தம் தொடக்க காலத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கடும் மனப்போராட்டத்தில் கழிந்ததாகவும் சொல்கிறார். தவறும்போது அவர் செய்தது ஒன்றுதான்: தவற்றை ஒப்புக்கொண்டு, வருந்திக்கொண்டே இராமல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த அமைதி ஒரு நாளில் வந்த வரமன்று. நெடுநாள் பழக்கத்தில் விளைந்தது.

நம் மண்ணின் சாட்சிகள்

இந்தச் சிந்தனை தமிழருக்கு அந்நியமானதும் அன்று. எங்கள் எதிர்வீட்டு மாமி காய் நறுக்கியபடியே விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லி முடிப்பார். பெரியபுராணத்தின் நேச நாயனார் ஒரு நெசவாளர். அவருடைய மனம் இறைவனின் திருவடியிலும், நாவு ஐந்தெழுத்திலும், கைகள் அடியார்களுக்கு ஆடை நெய்வதிலும் இருந்தன என்கிறார் சேக்கிழார். நாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரம். நாவில் தேவாரமும் கையில் களைகொத்தும் கருவியுமாக வாழ்ந்தவர் அவர்.

தமிழ்க் கிறிஸ்தவரிடையே எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவராகவே பலரும் அவரை அறிவர். ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாகச் சுருங்காமல், எல்லாரும் பாடத்தக்க வகையில் ‘சர்வசமய சமரசக் கீர்த்தனைக’ளையும் அவர் இயற்றினார். அவை கருநாடக இசைக் கச்சேரிகளில் பாடப்பட்டு வருகின்றன.

அக்கீர்த்தனைகளை எழுதிய கைதான், சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்தது. அரசுப் பணியாளரின் கைக்கூலியைக் கண்டித்து ‘நீதிநூ’லில் பாடியது. 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்கு உணவளித்தார். அக்கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த சைவர் ஒருவர், ஒரு கிறிஸ்தவ முன்சீப்பைப் பாடியிருக்கிறார். வேதநாயகரின் பக்தியைத் தனியாகவும் உத்தியோகத்தைத் தனியாகவும் பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. தன் வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது என்பது ஆங்கிலம் அறியாத எளியவருக்கும் விளங்க வேண்டும் என்ற அக்கறை, என் பார்வையில், ஜெபத்தின் இன்னொரு வடிவம்.

எது ஜெபம் ஆகாது?

பணியிடத்தில் ஜெபம் என்றதும் சிலருக்கு ஐயம் எழலாம். அந்த ஐயம் நியாயமானது. அரசு அலுவலகமோ மருத்துவமனையோ எல்லாருக்கும் பொதுவான இடம். அங்கே என் நம்பிக்கையைப் பிறர்மேல் சுமத்துவதற்கும், என் சபையைச் சேர்ந்தவரின் கோப்பை முதலில் நகர்த்துவதற்கும் ஜெபம் உரிமை தருவதில்லை. பிறர் காண வேண்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களை இயேசுவே கண்டித்திருக்கிறார். என் மேசையில் இருந்த வசன நாட்காட்டி, அன்று அந்தப் பெண்மணிக்கு எவ்வகையிலும் உதவவில்லை என்பதையும் நான் மறக்க முடியாது.

ஜெபம் திறமைக்கு மாற்றும் அன்று. செவிலியர் ஒருவர் ஜெபித்துவிட்டு மருந்தின் அளவைத் தவறாகக் கொடுத்தால், அந்த ஜெபம் நோயாளியைக் காப்பாற்றும் என்று எண்ணுவது பக்தியாகாது. உண்மையில் ஜெபிப்பவர் அளவை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையே வழிபாடு என்ற சொற்றொடர், உழைப்பவரின் வாயை அடைக்கும் கருவியாகவும் பயன்பட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் கடிதம் இதற்கு மறுமொழி தருகிறது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்றும், அது ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்றும் அக்கடிதம் கூறுகிறது. அப்படியானால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தை ஒன்றாம் தேதி கொடுக்காமல், அன்று மாலை ஜெபக் கூட்டத்துக்குச் செல்பவருடைய வேண்டுதலோடு இன்னொரு குரலும் மேலே செல்கிறது. எது முதலில் கேட்கப்படும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்ற இயேசுவின் கட்டளையும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது.

ஒரு மூச்சளவு

அந்த மூன்றாவது நடைக்குப் பிறகு, ஓய்வுபெறும்வரை நான் கடைப்பிடித்தவை மிக எளியவை. அடுத்தவரை அழைக்கும் முன், ‘ஆண்டவரே, இவர் உம்முடையவர்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு மூச்சுவிடும் நேரம்தான். பிறகு கோப்பைப் பார்ப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பேன். தேவையான சான்றுகள் அனைத்தையும் ஒரே சீட்டில், எந்த அலுவலகத்தில் பெற வேண்டும் என்ற குறிப்போடு எழுதிக் கொடுப்பேன். மாலை ரயிலில், அன்று சந்தித்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்வேன். நாளின் செயல்களை இறைவன் முன் திரும்பிப் பார்க்கும் இப்பயிற்சியைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே இக்னேஷியஸ் லொயோலா வகுத்துத் தந்திருக்கிறார். யாரிடம் சிடுசிடுத்தேன், யாரை அலையவிட்டேன் என்பது பெரும்பாலும் கிண்டியைக் கடப்பதற்குள் நினைவுக்கு வந்துவிடும்.

எல்லா நாளும் இது கைகூடியது என்று சொன்னால் பொய்யாகும். மாதக் கடைசியில், மேலதிகாரியின் அழைப்புகளுக்கு நடுவே, முகம் பார்க்காமல் கோப்பை மட்டும் பார்த்த நாட்கள் பல. ஆயினும், காலை ஜெபத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. முன்பு பொதுப்படையாக வேண்டிக்கொண்ட இடங்களில் பெயர்கள் நுழைந்தன. வேண்டுதல் முடிந்ததும், அன்று செய்ய வேண்டிய வேலை என்ன என்பதும் தெளிவாயிற்று.

இப்போது நான் மேசையின் மறுபக்கத்தில் நிற்பவன். அண்மையில் என் ஓய்வூதியம் தொடர்பான ஒரு காரியத்துக்காக ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். கொண்டுசென்ற காகிதங்களில் இரண்டு குறைந்தன. சாளரத்துக்கு அப்பால் இருந்த இளம்பெண், “இருங்க ஐயா, எல்லாத்தையும் எழுதித் தரேன். மறுபடி மறுபடி அலையாதீங்க” என்று சொல்லி, ஒரு சீட்டில் வரிசையாக எழுதித் தந்தார். அவர் எந்தச் சமயத்தவர் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. வேலை முடிந்த பிறகும் அச்சீட்டை நான் எறியவில்லை. என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.