பழைய போர்பன், புது பாட்டில்: லேபிள்ல இருக்கிற வருஷத்த எப்படிப் படிக்கிறது?

அமெரிக்காவுல, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துலேர்ந்து வர்ற போர்பன் விஸ்கி ஓல்டு ஃபாரஸ்டர். அதுல நாலு பாட்டில் மேல நாலு வருஷம் போட்டிருக்கும்: 1870, 1897, 1910, 1920. 2014-லேர்ந்து ஒவ்வொண்ணா வந்த வரிசை இது. அந்தக் காலத்து விஸ்கிய திரும்பக் கொண்டு வர்றோம்ங்கிறதுதான் கம்பெனி சொல்ற கதை. அப்போ நாலு பாட்டிலுக்கும் நாலு பழைய ரெசிபியா?

தானியக் கணக்கு நாலுக்கும் ஒண்ணுதான். மக்காச்சோளம் 72%, ரை 18%, முளைகட்டிய பார்லி 10%. ஆனா ருசி நாலு விதம்.

காரணம் பீப்பாய். போர்பன்னா, குறைஞ்சது 51% மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாய்ல ஊறணும். இது சட்டம். நிறமும், ருசியில பெரும்பங்கும் அந்த மரம் கொடுக்கிறதுதான். பாட்டி அளவெல்லாம் எழுதிக் கொடுத்தாலும், குழம்புக்கு அவங்க கைப்பக்குவம் வேணும் இல்லையா? அந்த மாதிரி.

1910-ல பாட்டில் அடைக்கிற இடத்துல தீ விபத்து. ஊறி முடிஞ்ச சரக்கு தேங்கிப்போக, அத இன்னொரு பீப்பாய்ல ஊத்தி வச்சாங்க. அதனால இன்னைக்கு வர்ற '1910' ரெண்டு பீப்பாய்ல ஊறுது. '1870'க்கு மூணு கிடங்கு பீப்பாய்கள கலக்குறாங்க. ஏன்னா, நிறுவனர் ஜார்ஜ் கார்வின் பிரவுன் அன்னைக்கு மூணு டிஸ்டில்லரி சரக்க கலந்தார்.

'1920' மதுவிலக்கு காலத்தோட நினைவு. வீரியம் 57.5%. ஆனா அப்போ டாக்டர் சீட்டுக்குக் கொடுத்த விஸ்கி 50%தான். பீப்பாய்க்குள்ள இருக்கும்போது வீரியம் இந்த அளவுக்கு ஏறியிருக்கும்ங்கிறது கம்பெனியோட விளக்கம்.

'1897' மட்டும் தனி ரகம். அந்தக் காலத்துல வெறும் ஸ்பிரிட்ல நிறமும் வாசனையும் கலந்து, பழைய விஸ்கின்னு வித்தவங்க நிறைய. அத தடுக்க 1897-ல 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டம் வந்துச்சு. ஒரே டிஸ்டில்லரி, ஒரே பருவத்துல காய்ச்சினது, அரசு கண்காணிப்புல இருக்கிற கிடங்குல குறைஞ்சது 4 வருஷம், வீரியம் சரியா 50%. இந்த விதி இன்னைக்கும் இருக்கு. எந்தக் கம்பெனி பாட்டில்ல அந்த வார்த்தை இருந்தாலும், அதுக்குப் பின்னாடி சட்டம் நிக்குது.

லேபிள்ல தெரியாத ஒரு மாற்றமும் உண்டு. 1962 வரைக்கும் பீப்பாய்க்குள்ள போற சரக்கோட வீரியம் 55% தாண்டக்கூடாது. அப்புறம் 62.5% வரைக்கும் விட்டாங்க. வீரியத்த கூட்டி உள்ள வச்சா பீப்பாய் கம்மியா போதும், செலவு மிச்சம். ஆனா பாட்டில்ல அடைக்கிறப்போ தண்ணி அதிகமா சேர்க்கணும், மரத்துலேர்ந்து வந்த ருசியும் அதோட நீர்த்துப்போகும். மிக்டர்ஸ் கம்பெனி இன்னைக்கும் 51.5%லதான் பீப்பாய்ல ஊத்துது. அதுக்கு ஆகுற கூடுதல் செலவு அவங்களோடது.

அதனால 'பழைய ரெசிபி'ன்னு லேபிள்ல பார்த்தா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: திரும்பி வந்தது எது? தானியமா, பீப்பாயா, வீரியமா, இல்ல வருஷம் மட்டும்தானா?